நான் விழுந்த கதை

வீழ்ச்சியைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் பிறர் வீழ்ந்த கதையையே எழுதுவர். அரசர் வீழ்ந்தமையும் அரசுகள் வீழ்ந்தமையும் வரலாற்று நூல்களிலே நிரம்பக் கிடக்கின்றன. நாற்பதாவது வயதிலே, கொட்டும் மழையில், மருமகனின் கண்முன்னே மோட்டார் சைக்கிளோடு நிலத்திலே சறுக்கிச் சென்ற ஓர் உபாத்தியாயரின் கதையை எவரும் எழுதப் போவதில்லை. ஆதலால் அதனை நானே எழுதிவிடுகிறேன்.

2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் இலண்டனிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தேன். தமக்கையை மருமகனைப் பார்க்கும் ஆசையோடு, ஒரு தூதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நான் புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அக்கா தொலைபேசியில் அழுதாள்.

“தம்பி, நான் சொன்னால் சிரிக்கிறான். தகப்பன் சொன்னால் அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்துறான். நீ படிப்பிக்கிறனீ. நீ ஒருக்கா வந்து சொன்னியெண்டால் கேப்பான்.”

அவளுடைய மகன் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தான். வேலைக்குப் போய்வர வாங்கினாலும் தாயின் மனம் ஒருவாறு ஆறியிருக்கும். அவனோ மாதம் ஒருமுறை பந்தயத் திடலுக்கு அதனைக் கொண்டுபோய் ஓட்டி வருகிறானாம். 1994 ஆம் ஆண்டிலே கிளாலிக் கடனீரேரியை இருட்டிலே தோணியேறிக் கடந்தவள் என் அக்கா. அன்று அஞ்சாதவள் இன்று மகனுடைய தலைக்கவசத்தைக் கண்டாலே நடுங்கினாள். தன் அச்சத்துக்கு அவள் ஆதாரமும் வைத்திருந்தாள். ஜோன் சர்ட்டீஸ் என்னும் ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளிலும் காரிலும், ஆக இரண்டிலுமே, உலக வெற்றி வீரரான ஒரே மனிதர். 1956 இலும் 1958 முதல் 1960 வரை மூன்று ஆண்டுகளும் இரு சில்லில் வென்றார். 1964 இல் நான்கு சில்லில் வென்றார். அத்தகையவரின் மகன், பதினெட்டு வயதுப் பாலகன், 2009 இல் கார்ப் பந்தயமொன்றிலே, வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சில்லு தாக்கி இறந்தான். அது நிகழ்ந்த இடம் கென்ட் மாகாணத்துப் பிராண்ட்ஸ் ஹச் பந்தயத் திடல். என் மருமகன் போய்வரும் திடலும் அதுவே. “தகப்பன் அவ்வளவு பெரிய வீரன். அவராலேயே பிள்ளையைக் காப்பாற்ற முடியேல்ல” என்றாள் அக்கா. அதற்கு நான் என்ன மறுமொழி கூறுவது?

தூது போவதற்கு நான் இசைந்தமைக்கு என்னுடைய காரணமும் ஒன்றுண்டு. அதனைக் கூறுமுன் எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவைச் சிறிது கூறவேண்டும்.

நான் ஓடப் பழகியது என் தந்தையாரின் ஹொண்டா 90 இல். தொண்ணூறுகளின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துக்குக் கிடைப்பதும் அரிது. ஊரெல்லாம் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓடிற்று. மைக்குழாயிலே எடுத்த நாலு துளி பெற்றோலை இயந்திரத்துக்கு முதலில் ஊட்டி, அஃது உயிர்பெற்று உறுமியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். பின்னாலே கரும்புகை எழும். ஒழுங்கைக்குள் நுழைந்தால் வேலிக்கு அப்பாலிருந்து இருமல் கேட்கும். அவ்வளவு பாடுபட்டுக் கிளப்பிய வண்டியை எவரும் வேகமாக ஓட்டியதில்லை. தந்தையார் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று: “முன் பிறேக்கைத் தொடாதே, தூக்கி எறியும். வலது காலை நம்பு.”

அந்தப் பாடத்தை இன்று நான் இகழமாட்டேன். எங்கள் ஒழுங்கைகள் மணல் நிறைந்தவை. ஆடும் நாயும் குறுக்கே பாயும். மணலிலே முன்சில்லு சட்டென்று நின்றால் ஆள் கவிழ்வது உறுதி. அந்த வீதிகளுக்கு அந்தப் பாடம் பொருந்திற்று. பொருந்தியபடியால் என் வலது கால் அதனை நன்றாகக் கற்றுக்கொண்டது. இருபத்துமூன்று ஆண்டுகள் நான் விழுந்ததில்லை. இதிலே எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

பின்னர் நான் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியனானேன். உயர்தர வகுப்பிலே, கெட்டிக்காரன் என்று எல்லோரும் போற்றிய மாணவன் ஒருவன் இருந்தான். பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகியதும் அவனுடைய தகப்பனார் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். வண்டி வருமுன்னரே பழகிக்கொள்ள ஆசைப்பட்டு என்னிடம் வந்தான். கல்லூரி மைதானத்திலே, ஒரு மாலை வேளையில், என் வண்டியிலே அவனைப் பழக்கினேன். என் தந்தையார் எனக்குச் சொன்ன அதே வாசகத்தை நானும் அவனுக்குச் சொன்னேன். அப்போது எங்கள் ஊர் வீதிகள் மாறிக்கொண்டிருந்தன. போர் ஓய்ந்தபின் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பெற் வீதிகள் விரிந்தன. வேகமும் கூடிற்று. பாடம் மட்டும் பழைய பாடமாகவே இருந்தது.

2012 ஆம் ஆண்டு ஐப்பசியில், நீண்ட கோடைக்குப் பின் விழுந்த முதல் மழையிலே, அந்தப் பிள்ளை ஒரு வளைவில் வழுக்கி விழுந்தான். எதிரே வாகனம் ஒன்று வந்தது. அவ்வளவே. அன்று அவனுடைய கால் எதனை மிதித்தது, கை எதனைப் பிடித்தது என்று கண்டவர் எவருமில்லை. சாவீட்டிலே அவனுடைய தாயார் என்னைக் கண்டதும், “சேர், நீங்கள்தானே பழக்கினனீங்கள்” என்றார். குற்றம் சாட்டிச் சொன்னாரல்லர். யாரோ உறவினருக்கு என்னை அறிமுகப்படுத்துவது போலச் சொன்னார். ஆயினும் அந்தச் சொற்களை நான் இன்றளவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, மருமகனைத் தடுப்பதென்று முழு மனத்தோடுதான் விமானம் ஏறினேன்.

லூயிஷம் என்னும் பகுதியிலே அக்காவின் வீடு. சிவன் கோயிலுக்கு நடந்து போகலாம். வந்து மூன்றாம் நாள் மருமகனை அழைத்து இருத்தி, வகுப்பிலே பேசுவது போலப் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். இலண்டனிலே பிறந்த பிள்ளையாயினும் தாயின் வளர்ப்பால் நம்மூர்த் தமிழ் அவனுக்கு நன்றாக வரும். எல்லாவற்றையும் கேட்டபின் ஒரு பந்தயம் கூறினான்.

“மாமா, நீங்கள் ஒருநாள் வந்து பாருங்கோ. பார்க்கிறதோடை நிக்காமல் நீங்களும் ஓடுங்கோ. அதுக்குப் பிறகும் விடச் சொன்னால், சத்தியமாய் விடுறன்.”

நேர்மையான பேச்சென்று எனக்குப் பட்டது. நேர்மைக்கு மேலாக, இருபத்துமூன்று ஆண்டுக் கர்வமும் உள்ளே இருந்து ‘ஓம்’ என்றது. அக்காவிடம், பார்த்துவரப் போகிறோம் என்று மட்டும் கூறினோம்.

லூயிஷத்திலிருந்து ஏ 20 என்னும் நெடுஞ்சாலை நேரே அவ்விடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பிராண்ட்ஸ் ஹச் திடலை ஒரு பெரிய கிண்ணத்துக்கு ஒப்பிடலாம். குன்றுகளுக்கிடையே இயற்கையாக அமைந்த குழிவு. கரையிலே நின்றால் ஓடுபாதையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். 1920 களிலே அங்கே புல்வெளியில் மோட்டார் சைக்கிள் ஓடினார்களாம். 1950 இல் தார் இட்டார்கள். 1964 முதல் 1986 வரை ஓராண்டு விட்டு ஓராண்டாகப் பிரித்தானியப் பெரும் கார்ப் பந்தயம் பன்னிரண்டு முறை அங்கே நடந்தது. நாங்கள் ஓடியது சிறிய சுற்று, ஏறத்தாழ 1.9 கிலோமீற்றர். தொடக்கத்திலேயே ‘பாடொக் ஹில்’ என்னும் வளைவு வருகிறது. மேட்டின் உச்சியிலே திரும்பத் தொடங்கும்போது அப்பால் இருப்பது தெரியாது; திரும்பியதும் பாதை காலடியிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் இறங்குவது போலிருக்கும். இறங்கிய வேகத்திலேயே எதிர் மேட்டில் ஏறினால், உச்சியில் ‘ட்ரூயிட்ஸ்’ என்னும் கொண்டை ஊசி வளைவு. நான் விழுந்த திருத்தலம் அதுவே.

நேயர்கள் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். அன்று நடந்தது பந்தயமன்று. வேலைக்குப் போய்வரும் சாதாரண மனிதர் பணம் செலுத்தித் தத்தம் மோட்டார் சைக்கிளை அந்தப் பாதையிலே ஓட்டிப் பழகும் நாள் அது. நேரம் கணிப்பவர் இல்லை, பரிசு இல்லை. காலையிலே அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தார்கள். மும்மொழியில் அச்சிட்ட எம் நாட்டு அட்டையை அந்த அம்மையார் இருபுறமும் திருப்பிப் பார்த்து, எழுத்துக்கள் அழகாயிருக்கின்றன என்றார். ‘எனக்கு ஏதும் நேர்ந்தால் நானே பொறுப்பு’ என்று கையொப்பம் வாங்கினார்கள். இயந்திரத்தின் சத்தத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். ஓடுவோரை மூன்று குழுவாகப் பிரித்து, மணிக்கட்டிலே நிறப் பட்டி கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம்; பின்னர் அடுத்த குழு. நான் புதியவர் குழு. மருமகன் நடுக் குழு.

பிறகு ஒரு சிறு வகுப்பு. அறுபது பேர் தோலாடையோடு வாங்கில்களிலே அமர்ந்திருக்க, ஒருவர் கொடிகளின் பொருளைக் கூறினார். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, எவரையும் முந்தாதே. மஞ்சளிலே சிவப்புக் கோடுகள் என்றால் பாதை வழுக்கும். சிவப்பு என்றால் எல்லோரும் வேகத்தைத் தணித்துத் திரும்பி வரவேண்டும். இறுதியாக விழுவதெப்படி என்றும் சொல்லித் தந்தார்! விழுந்தவர் வண்டியை விட்டுவிட வேண்டும். உடலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். முற்றாக நின்றுவிட்டோம் என்று நிச்சயமாகும் வரை எழக்கூடாது. சறுக்கிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாக எண்ணி எழுந்து நிற்க முயன்று கால் முறித்தோர் பலராம். பல்கலைக்கழகம் வரை படித்தவன் நான்; விழுவதற்கு ஒரு பாடம் உண்டென்று அன்றைக்கே அறிந்தேன்.

வாடகைக்கு எடுத்த 650 சிசி வண்டி. என் ஊர் வண்டியைப் போல ஆறு மடங்குக்கு மேலான வலிமை. முதல் இருபது நிமிடமும் ஆசிரியர் ஒருவரின் பின்னே, தாய்வாத்தின் பின்னே குஞ்சுகள் போவது போல வரிசையாகப் போனோம். பாதை உலர்ந்திருந்தது. எதிரே வாகனமில்லை, நாயில்லை, பேருந்துக்குக் கைகாட்டும் கிழவியில்லை. எல்லாரும் ஒரே திசையிலே போகிறார்கள். இருபத்துமூன்று ஆண்டுகளில் முதன்முறையாக, ஓடுவதொன்றையே நினைத்து ஓடினேன். அந்த இன்பத்தை நான் மறைக்கப் போவதில்லை.

பதினொரு மணியளவிலே மழை தொடங்கிற்று. அங்கே மழைக்காக நாளை ஒத்திவைப்பதில்லை. வேண்டுமானவர் ஓடலாம், வேண்டாதவர் கொட்டகையிலே தேநீர் குடிக்கலாம். பலர் தேநீரைத் தெரிந்தனர். “வேண்டாமெண்டால் விடுங்கோ மாமா, பரவாயில்லை” என்றான் மருமகன். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் வெள்ளத்திலே கல்லூரிக்குப் போய்வரும் எனக்கா மழையைக் காட்டுகிறாய் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினேன்.

ஆசிரியர் எங்களை நிறுத்தி வைத்து, மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களே மிக மோசமானவை என்று எச்சரித்தார். பாதையிலே படிந்து கிடக்கும் எண்ணெயும் ரயர்த் தூளும் புழுதியும் நீரோடு கலந்து மேலே வரும். நன்றாகக் கழுவிப் போகும்வரை வழுக்கும். ஓரத்து வர்ணக் கோடுகளை மிதிக்கக்கூடாது. எதனையும் சட்டென்று செய்யக்கூடாது. முன் பிறேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பின் பிறேக்கை, அதுவும் சாய்ந்திருக்கும்போது, மறந்தேவிட வேண்டும். நீண்ட கோடைக்குப் பின் முதல் மழை என்ற நினைவு எனக்கு அப்போதே வந்தது. வந்தும் என்ன?

மூன்றாவது சுற்று. பாடொக் ஹில்லிலே பாட்டி நடப்பது போல இறங்கினேன். மேடேறி ட்ரூயிட்ஸ் வளைவுக்குள் வலப்புறமாகச் சாய்ந்தேன். வேகம் நாற்பது கிலோமீற்றர் இருக்கலாம். எங்கள் ஊர் வீதியிலே கிழவர்கள் போகும் வேகம். முன்னே போனவரின் வண்டி சற்றே அசைந்தது. அவர் விழவில்லை, ஒன்றும் நேரவில்லை. வெறுமனே அசைந்தது. ஆசிரியர் சொன்னதெல்லாம் என் தலையிலே தெளிவாக இருந்தது. ஆனால் தலைக்குச் செய்தி போகுமுன்பே என் வலது கால் மிதித்துவிட்டது.

பின்சில்லு நின்றது. நின்ற சில்லு என்னை முந்திக்கொள்ள விரும்பியது போல இடப்புறமாக ஓடியது. அடுத்த கணம் வலது தோள் தாரிலே இருந்தது. வலி தெரியவில்லை. முதலில் தெரிந்தது சத்தம்: தோலாடை ஈரத் தாரிலே உரசும் நீண்ட இரைச்சல். மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னே, ஒரு பக்கம் படுத்தபடி, தானே சுழன்றுகொண்டு போவதைக் கண்டேன். எவருடையதோ ஒரு வண்டி போவது போலவே தோன்றிற்று. நின்றுவிட்டேன் என்று எண்ணிக் கையை ஊன்றினேன். கை பின்னோக்கி இழுபட்டது. இன்னும் நிற்கவில்லை! அப்போதுதான் காலை வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றிலே பரற்கல் பரப்பின் விளிம்பு தோளைத் தொட்டது. அங்கே கிடந்தேன். முகக்கண்ணாடியிலே மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது.

எதிரே ஒன்றும் வரவில்லை.

இந்த மூன்று சொற்களை எழுதிவிட்டுச் சிறிதுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். என் பின்னே வந்தவர்கள் மஞ்சட் கொடியைக் கண்டு ஏற்கனவே வேகத்தைத் தணித்திருந்தார்கள். செம்மஞ்சள் உடையணிந்த முதியவர் ஒருவர் வேலிக்கு அப்பாலிருந்து ஓடிவந்து, என் முன்னே குந்தி, “பெயரென்ன? இன்று என்ன கிழமை?” என்று கேட்டார். இரண்டுக்கும் விடை சொன்னேன். “நல்லது. எழுந்து மெல்ல நடவுங்கள்” என்று வேலிக்கு அப்பால் அழைத்துப் போனார். அதற்குள் சிவப்புக் கொடி. என் பொருட்டு எல்லோருடைய ஓட்டமும் நின்றது. இருபதுபேர் மழையிலே என்னைக் கடந்து மெதுவாகத் திரும்பிப் போகையில், ஒருவர் கையை உயர்த்தி நலமா என்று சைகை செய்தார். வகுப்பிலே பிழையாகக் கணக்குச் செய்து அகப்பட்ட மாணவனின் நிலை எனக்கு அப்போது நன்றாக விளங்கிற்று.

மருத்துவ அறையிலே காறை எலும்பைத் தடவிப் பார்த்து, கையை உயர்த்தச் சொல்லி, கண்ணிலே ஒளி பாய்ச்சிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, தசை அடிபட்டிருக்கிறது, இன்று இனி ஓடவேண்டாம் என்று விட்டார்கள். மோட்டார் சைக்கிளின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. பிறேக் நெம்பு முறிந்தது, கால்மிதி வளைந்தது, வலப்பக்கம் முழுவதும் தேய்ந்தது. நானூறு பவுண். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ எண்பதாயிரம் ரூபா. என் இரண்டு மாதச் சம்பளம். மருமகன் நான் தடுக்கத் தடுக்கக் கட்டிவிட்டான்.

கொட்டகையிலே தேநீரோடு அமர்ந்தோம். அவன் கரையிலே நின்று முழுவதையும் பார்த்திருக்கிறான்.

“மாமா, உங்கடை பின்சில்லு சுத்தேல்ல. காலாலை மிதிச்சனீங்களோ?”

“ஓம்.”

“அம்மாவும் அப்பாவும் எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவை” என்றான். “முன் பிறேக்கைத் தொடாதை எண்டு.”

பதில் பேசாமல், காலையில் தந்த தாளின் பின்புறத்திலே ஒரு வட்டம் வரைந்தேன். பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையிலே கற்பித்த விடயம். ரயருக்கும் பாதைக்கும் இடையே கிடைக்கும் உராய்வு ஒரு கோப்பைச் சோறு என்று வைத்துக்கொள்வோம். அதனை இரண்டு பிள்ளைகள் பங்கிட்டு உண்கிறார்கள். ஒருவன் திரும்புபவன், மற்றவன் நிறுத்துபவன். 25 மீற்றர் ஆரையுள்ள வளைவிலே மணிக்கு 40 கிலோமீற்றரில் திரும்பினால், வண்டியின் பாரத்தில் ஏறத்தாழப் பாதியளவு விசை திரும்புவதற்கே போய்விடும்; வண்டியும் 27 பாகை சாய்ந்திருக்கும். உலர்ந்த பாதையிலே கோப்பை நிறையச் சோறுண்டு. மழையிலே குறைந்துவிடும். மேலும், வேகம் தணியும்போது பாரமெல்லாம் முன்சில்லுக்குப் போவதால் பின்சில்லு இலேசாகிவிடுகிறது. இலேசான சில்லைக் காலால் மிதித்தால் அது சுழலாமல் நின்றுவிடும். நின்ற சில்லு போகும் திசைக்கு நேரெதிராகவே உராயும். பக்கவாட்டிலே தாங்குவதற்கு அதனிடம் எதுவும் மீதியில்லை. நிறுத்துபவன் கோப்பையையே பறித்துக்கொண்டு ஓடிவிட்டான், திரும்புபவன் பட்டினி. இதனை நான் எத்தனையோ வகுப்புகளில் எழுதியிருக்கிறேன். அதே கையால், மைதானத்திலே ஒரு பிள்ளையின் தோளைத் தட்டி, காலை நம்பு என்றும் சொல்லியிருக்கிறேன். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதை அந்தத் தாளின் முன்னே இருந்தபோதுதான் கண்டேன்.

மருமகன் வட்டத்தைச் சிறிதுநேரம் பார்த்தான். “அம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ” என்று தொடங்கினான். ஈராண்டுக்கு முன், வேலைக்குப் போகும் வழியிலே, மழையில் வழுக்கி விழுந்திருக்கிறான். பின்னே வந்த பேருந்து அவன் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றதாம். வீட்டிலே மாடிப்படியில் விழுந்ததாகக் கூறிவிட்டான். “அதுக்குப் பிறகுதான் மாமா இங்கை வரத் தொடங்கினனான். றோட்டிலே பழகப் பயமாயிருந்தது.”

பிற்பகல் முழுவதும் மழை விடவில்லை. கரையிலே குடையோடு நின்று, அவன் ஓடுவதைப் பார்த்தேன். நிறைகுடம் சுமந்து வருபவள் தளும்பாமல் நடப்பதைக் கண்டிருப்பீர்கள். அவன் ஓட்டம் அப்படியிருந்தது. வண்டி நிமிர்ந்திருக்கும்போதே இரண்டு விரல்களால் முன் பிறேக்கை அழுத்தி, சாயச் சாய அதனை விட்டுக்கொண்டே போனான். வேகம் எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. ட்ரூயிட்ஸ் வளைவிலே ஒவ்வொரு முறையும் என் மூச்சு நின்றது. அவன் ஒவ்வொரு முறையும் அப்பால் தோன்றினான். அந்த மற்றப் பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் இருந்திருந்தால் என்று நினைத்தேன். விழுந்தாலும் எதிரே ஒன்றும் வராத இடம்.

திரும்பும் வழியில், “மாடிப்படியிலே சறுக்கினதெண்டு சொல்லுவம் மாமா” என்றான். நான் ‘ஓம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டிலே எத்தனை பேர்தாம் மாடிப்படியிலே விழுவது?

அக்கா கதவைத் திறந்தாள். வலது கையைச் சட்டையிலிருந்து கழற்ற முடியாமல் வாசலிலே நின்றேன். “அக்கா, நான் விழுந்துபோனன்” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகனிடம் ஓடி, தலை, தோள், கை, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவன் முழுமையாக இருக்கிறான் என்று கண்டபின்தான் என் பக்கம் திரும்பி, “நீயோ?” என்றாள்.

சமையலறையிலே கதிரையில் இருத்தி, சித்தாலேபவை எடுத்துத் தோளிலே தேய்த்தாள். தோள் நாவற்பழ நிறமாகியிருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். மருமகனுடைய பழைய கதையை மட்டும் சொல்லவில்லை. அது அவன் சொல்லவேண்டியது. அவள் ஒன்றும் பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலாகவே அழுத்தித் தேய்த்தாள் என்று நினைக்கிறேன்.

“விடச் சொன்னனியோ?” என்று கடைசியாகக் கேட்டாள்.

“இல்லை அக்கா.”

“உன்னை வேறை என்னத்துக்கு வரச் சொன்னனான்?”

“அவன் என்னைவிட நல்லாய் ஓடுறான்.”

“நீ எப்பிடி ஓடுறனீ எண்டு இப்பதானே தெரியுது” என்றாள். மேலே மாடியிலே மகனின் காலடி கேட்டது. அவள் கையை நிறுத்தி, அது அறைக்குள் போய் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். அன்றிரவு மருமகன் கீழே இறங்கி வந்து, நெடுநேரம் தாயோடு தனியே பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பின், மழை தொடங்குமுன், அதிகாலையிலே என் வண்டியைக் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். எவரும் வருமுன் இரண்டு விரல்களால் முன் பிறேக்கைப் பிடித்து நிறுத்திப் பழகினேன். ஒரு வாரம் சென்றபின் உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் வேலியோரத்தில் நின்று பார்ப்பதைக் கண்டு அவர்களையும் அழைத்தேன். அன்று முதல் ஆண்டுதோறும் புரட்டாதியிலே சிலர் வருகிறார்கள். நிலத்திலே வட்டம் கீறிக் காட்டுகிறேன். ஈரமான புல்லிலே, நடக்கும் வேகத்திலே, ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர்களுடைய விரல்கள் விரைவாகக் கற்றுக்கொள்கின்றன. எனக்கோ, ஒழுங்கையிலே நாய் குறுக்கே பாய்ந்தால், இன்னும் வலது கால்தான் முந்துகிறது.